வீடு பாண்டிருப்பில், கைரேகை மட்டக்களப்பில்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவார். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பேரிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே வீடு கட்டும் யோசனையும் பிறந்துவிடும். அப்படி அம்மாவும் அப்பாவும் எனக்குக் கட்டித் தந்த வீடு கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கட்டியது என்பதால் பிரதான வீதிக்கு மேற்கே தள்ளி எடுத்த வளவு. கல்லடியில் பிறந்து வளர்ந்த என் கணவர் 2017இல் ஒரு சூட்கேசும் ஒரு மோட்டார் சைக்கிளுமாக அந்த வீட்டுக்கு வந்தார். எங்கே குடியிருப்பது என்று நாங்கள் பேசியதே இல்லை. வழக்கம் எங்களுக்காகப் பேசி முடித்திருந்தது.

2022 ஜனவரியில் எனக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. நான் முகாமைத்துவ உதவியாளர். அதுவரை கல்முனையில் வேலை, ஸ்கூட்டியில் பத்து நிமிடம். இனி மட்டக்களப்பு நகரத்தில், காலை 8.30க்குள் வரவுக்குக் கைரேகை வைக்கவேண்டும். கணவருக்குக் கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு வேலை. மகளுக்கு அப்போது மூன்று வயதும் ஆகவில்லை.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். யாரைக் கேட்டாலும் "ஒரு மணித்தியாலம்தானே" என்பார்கள். காரில் போகிறவர்களுக்கு அது சரி. பஸ்ஸில் போகிறவளுக்கு மருதமுனை, பெரியநீலாவணை, பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி, களுதாவளை, செட்டிபாளையம், ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஒவ்வோர் ஊரும் ஒரு நிறுத்தம் அல்ல, நாலைந்து நிறுத்தம். களுதாவளையில் வெற்றிலைக் கூடை ஏறும். அதை இறக்குகிற இடத்தில் இன்னும் மூன்று நிமிடம். நான் ஒரு சி.ஆர். கொப்பியில் இரண்டு வாரம் நேரத்தை எழுதி வைத்தேன். வீட்டுக் கடப்பைச் சாத்தியதில் இருந்து கைரேகை மெஷின் பீப் அடிக்கும் வரை கணக்கு. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரமும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் என்றால் மாதம் 20 வேலை நாளுக்கு 80. அதாவது மாதத்தில் பத்து வேலை நாளை நான் பஸ்ஸுக்குள்ளே செய்துகொண்டிருந்தேன், சம்பளம் இல்லாமல்.

இரண்டு ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் இதைச் செய்யவேண்டும். தூரத்தைப் பார்க்காதீர்கள், வாசலில் இருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். நல்ல வெயில் நாளில் மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை, ஒரு மாரி நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கொப்பியில் ஜனவரி மழை நாள் ஒன்று இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்தது இரவு 7.40.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பஸ் குறைவு, வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். என்னை மெயின் றோட்டில் இறக்கி ஏற்றுவதற்கும் அவர் கடைக்குப் போய் வருவதற்கும் அது மட்டுமட்டாகத்தான் இருந்தது. ஜூனில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நான் கத்தரியும் மிளகாயும் வைத்தேன். உண்மையில் அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் செய்தது தூங்கியதுதான். கத்தரியை அம்மா பார்த்துக்கொண்டா.

வருட முடிவில் உடம்பு சொல்லிவிட்டது. மகள் என்னைவிட அம்மாவைத்தான் "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாறலாம் என்று முடிவெடுத்தோம். எங்கே?

எல்லோரும் சொன்ன யோசனை களுவாஞ்சிகுடி. "நடுவில ஒரு வீடு எடுங்க, ரெண்டு பேருக்கும் பாதித் தூரம்." கேட்க நியாயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடும் பார்த்தோம், நல்ல வீடு. திரும்பி வரும்போது கணவர்தான் சொன்னார். "இப்ப ஒரு ஆள் அலையிறம். அங்க போனா ரெண்டு பேரும் அலைவம்." அதோடு அங்கே எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை, வேலையும் இல்லை. மகளை வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் பஸ் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். நடு ஊர் என்பது பல நேரம் யாருக்குமே வசதியில்லாத ஊர். களுவாஞ்சிகுடியில் குறை இல்லை, எங்கள் கணக்குக்கு அது சரிவரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் மட்டக்களப்புத்தான். இங்கே ஒரு சங்கடம். கல்லடி கணவருடைய ஊர், ஆனால் அங்கே அவருக்கு வீடு கிடையாது. அந்த வீடு வழக்கப்படி மச்சாளுக்கு, அதாவது அவருடைய தங்கச்சிக்குப் போய்விட்டது. மாமி மகளோடு இருக்கிறா. பிறந்த ஊருக்கு அவர் வாடகைக்காரராகத்தான் திரும்பவேண்டும். என் பக்கம் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினா. "இஞ்ச வீடு கிடக்க அங்க வாடகைக்குப் போறியா மனே? ஊர் என்ன நினைக்கும்?" ஊர் நினைப்பது ஒரு பக்கம். அம்மாவுக்கு இருந்த பயம் வேறு. அடுத்த கேள்வியில் அது வெளியே வந்தது. "அந்த வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?" 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்கள் வீடு பற்றி முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

வீடு தேடியதில் கற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்லடி வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நிலம். நாங்கள் பார்த்த முதல் வீட்டின் சுவர் முழுக்கப் பழைய பெயின்ட், தரையில் இருந்து இரண்டு அடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். வீட்டுக்காரர் "சின்னப்பிள்ளைகள் கீறியது" என்றார். பக்கத்து வளவு அக்காவிடம் கேட்டேன். "மாரி வந்தா அதுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கும் பிள்ள" என்றா. ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டிலும் முனைக்கடையிலும் கேளுங்கள். முடிந்தால் கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

இரண்டாவது வீட்டில் கிணற்றுத் தண்ணீர் சவர், அதாவது உப்புச் சுவை. குடித்துப் பார்த்தபோது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு போத்தல் எடுத்துவந்து அம்மா தேத்தண்ணி போட்டா. ஒரு மிடறில் வைத்துவிட்டா. குழாய்த் தண்ணீர் இருந்தாலும் குளிக்க, துவைக்க, தண்ணீர் வராத நாளுக்குக் கிணறு வேண்டும். தேத்தண்ணிப் பரீட்சை செலவில்லாதது.

மூன்றாவது வீட்டை எடுத்தோம். மாதம் 22,000, மூன்று மாத முற்பணம், ஒரு வருட ஒப்பந்தம். இதில் நான் விட்ட பிழை மின்மீட்டர். முன் வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே மீட்டர், "பில்லைப் பாதி பாதி போடுவம்" என்றார்கள். 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் ஏறக்குறைய 66 சதவீதம் ஏறியது. நம்முடைய கட்டண முறையில் அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். இரண்டு குடும்பத்தின் பாவனை ஒரு மீட்டரில் ஓடினால் இரண்டு பேருமே மேல் படிக்குப் போய்விடுகிறோம். நாங்கள் இரண்டு மின்விசிறியும் ஒரு பிரிட்ஜும் வைத்துக்கொண்டு, ஏசி வைத்திருப்பவர்கள் மாதிரிக் கட்டினோம். தனி மீட்டர் இல்லாத வீட்டை இனி எடுக்கமாட்டேன்.

மற்றபடி கல்லடி எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. காலை ஆறரைக்கு எழும்பினால் போதும். பாலத்தைக் கடந்தால் நகரம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் ஒரு பக்கம், 2013இல் வந்த புதுப்பாலம் ஒரு பக்கம், கீழே வாவியில் தோணி. பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன். மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். சந்தையில் வாவி இறால், நண்டு. கொழும்புக்குப் போகவேண்டுமென்றால் ரயில் இருக்கிறது. அம்பாறைக் கரையோரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடும். பௌர்ணமி இரவில் வாவியில் மீன் பாடும் என்பார்கள். கணவர் இரண்டு தடவை பாலத்தடிக்குக் கூட்டிப்போனார். எனக்குக் கேட்டது ஓட்டோ சத்தம்தான். அவருக்குக் கேட்டதாம்.

ஆனால் பயணம் ஒழியவில்லை, ஆள் மாறியது. இப்போது அவர் கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். அவருக்கு என்னைப்போல இரண்டு மணித்தியாலம் இல்லை, ஐம்பது நிமிடம்தான், அதனால் தாங்கும் என்று நினைத்தோம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த வீதியில் நடுப்பகலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகத்தில் அடுப்பு வாய் திறந்த மாதிரி இருக்கும். சம்பளம் குறையாமல் மட்டக்களப்பில் வேலை தேடினார், கிடைக்கவில்லை.

கொப்பியைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை மூன்று மாதம், செலவும் சனி ஞாயிறும். வாடகை, மின்சாரம், முன்பள்ளி முடிந்தபின் மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கொடுப்பது எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, 13 வார இறுதியில் 10ஐ நாங்கள் பாண்டிருப்பில் கழித்திருந்தோம். கோயில் சடங்கு, மாமா மகளின் சாமர்த்தியச் சடங்கு, ஒரு செத்த வீடு, அதற்கு முப்பத்தோராம் நாள், அம்மாவுக்குக் காய்ச்சல். துரோபதை அம்மன் கோயில் திருவிழா வந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வீடு வைத்துக்கொண்டு வாரம் ஏழு நாளும் எதிலும் முழுதாக இல்லாமல் இருந்திருக்கிறோம். ஓர் ஊரில் வாழ்கிறீர்களா, அங்கே தூங்கி எழும்புகிறீர்களா என்று தெரியவேண்டுமானால் சனி ஞாயிறை எண்ணிப் பாருங்கள்.

ஓர் இரவு. கணவர் கடை வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தார். மகளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. போதனா வைத்தியசாலை பாலத்துக்கு அப்பால், ஓட்டோவில் பத்து நிமிடம். பெரிய வைத்தியசாலை அவ்வளவு கிட்ட இருப்பது மட்டக்களப்பின் பெரிய பலம். கல்முனையில் ஆதார வைத்தியசாலைகள் இருந்தாலும் சில வருத்தங்களுக்கு மட்டக்களப்புக்குத்தான் அனுப்புவார்கள். மூச்சுக்கு மருந்துப் புகை பிடித்தார்கள், பிள்ளைக்குச் சுகமாயிற்று. வார்டில் நிற்கச் சொன்னார்கள். மாற்று உடுப்பு இல்லை, போனில் சார்ஜ் இல்லை, பிள்ளையை விட்டுக் கீழே இறங்கித் தண்ணீர் வாங்க ஆளில்லை. மச்சாளுக்கு யாருடைய போனிலாவது அடித்தால் வருவா, ஆனால் அவவுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை, வீட்டில் மாமி நடக்கமாட்டாதவர். விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பாண்டிருப்பில் என்றால் நான் கடப்பைத் திறக்கிற சத்தத்துக்கே பின் வளவில் இருந்து அம்மா வந்திருப்பா. சின்னம்மா பிளாஸ்கோடு நிற்பா. மாமா ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணியிருப்பார். நம் வழக்கத்தை நான் அதுவரை சீதனம் என்ற ஒரு சொல்லுக்குள்தான் வைத்துப் பார்த்திருந்தேன். ஒரே ஒழுங்கையில் அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அவர்களுடைய மகள்மார் என்று வரிசையாக வீடு இருப்பதன் பெறுமதி வாடகை ஒப்பந்தத்தில் வராது.

பள்ளிக்கூடம்தான் கடைசியில் கையைப் பிடித்து இழுத்தது. மகள் 2025இல் முதலாம் தரம். விண்ணப்பம் முந்தின வருடமே போடவேண்டும். அரச பாடசாலைகளில் அனுமதியில் பாதி இடம் பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்கு. அந்தப் பிரிவில் புள்ளி எதற்குக் கிடைக்கும் என்று சுற்றுநிருபத்தை எடுத்து வாசித்தேன். காணி உறுதி யாருடைய பெயரில், பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் தொடர்ந்து இருக்கிறது, வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் இன்னும் கிட்டிய பாடசாலைகள் எத்தனை என்று போகும். ஐந்து வருட இடாப்பைப் பார்க்கிறார்கள். கல்லடியில் எங்களிடம் இருந்தது ஒரு வருட வாடகை ஒப்பந்தம். பாண்டிருப்பில் என் பெயரில் உறுதி, எங்கள் இரண்டு பேரின் பெயரும் தொடர்ச்சியாக இடாப்பில். இடமாற்றம் பெற்று வருபவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு இருக்கிறது, அது மிகச் சிறியது, அதில் போட்டி போட எனக்குத் துணிவு வரவில்லை.

உறுதி இருக்கிறது என்று வேறு ஊரில் இருந்துகொண்டு போடவும் முடியாது. வீடு பார்க்க வருவார்கள். உண்மையாகவே அங்கே குடியிருக்கவேண்டும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே எந்த ஊர் என்று தெரியவேண்டியிருந்தது. சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு நான் சொல்வது, பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே அந்த வருடச் சுற்றுநிருபத்தைத் தேடி வாசியுங்கள். வருடா வருடம் சின்னச் சின்ன மாற்றம் வரும், போன வருடம் யாரோ செய்ததைக் கேட்டுச் செய்யாதீர்கள். வாக்காளர் இடாப்பு மீளாய்வுக்கு கிராம உத்தியோகத்தர் வரும் நாளில் "பிறகு பார்ப்பம்" என்று விடாதீர்கள். அந்த ஒரு வருடம் விடுபட்டால் ஐந்து வருடத் தொடர்ச்சி உடைந்துவிடும்.

2024 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு சாமான் ஏற்றினோம். கணவர் லொறிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. அதைக் கடக்கும்போது "அவர் அங்க இருந்து இஞ்ச வந்தார், நான் இஞ்ச இருந்து அங்க போறன்" என்று போனில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முழுச் சிரிப்பு அல்ல. இந்த முடிவில் தோற்றவர் ஒருவர் இருந்தால் அது அவர்தான். தன் அம்மாவுக்குக் கிட்டப் பதினைந்து மாதம் இருந்துவிட்டு இரண்டாம் தடவையாக வீட்டை விட்டுப் போகிறார். இதை நாங்கள் பேசித் தீர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் மகளும் கல்லடி போவார்கள் என்று மட்டும் முடிவு செய்தோம். இன்றுவரை போகிறார்கள்.

கல்முனையையும் சொல்லவேண்டுமே. நெரிசல் ஊர். பஸார் வீதியில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் கால் வைக்க விடாது. மட்டக்களப்பில் வாவியைப் பார்த்து மூச்சு விடலாம், இங்கே அதற்குக் கடற்கரைக்குப் போகவேண்டும். ஆனால் எது வேண்டுமானாலும் இரவு வரை வாங்கலாம், நோன்பு மாதத்தில் இன்னும் பிந்தியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் சரி. மருதமுனைச் சாரம் நெய்கிற வீட்டிலேயே வாங்கலாம். கரைவலை இழுத்த காலையில் கீரி மீன் துடிக்கத் துடிக்க வரும். மாவட்ட மட்ட அலுவல் என்றால் மட்டும் அம்பாறை நகரத்துக்குப் போகவேண்டும். 1961இல் மட்டக்களப்பில் இருந்து அம்பாறையைத் தனி மாவட்டமாகப் பிரித்ததில் இருந்து கரையோரத்தாருக்கு அந்த அலைச்சல். 

திரும்பி வந்த வருடமே நவம்பரில் பெருவெள்ளம். காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப் போனது அந்தக் கிழமைதான். எங்கள் ஒழுங்கையிலும் கணுக்கால் அளவு நின்றது. நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கல்லடியில் இருந்திருந்தால் நடந்தே போயிருக்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உண்மைதான். அந்த இரண்டு நாளும் சின்னம்மா வீட்டு மாடியில் ஒன்பது பேருக்கு ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சினோம் என்று அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது திரும்பவும் ஐந்தே முக்காலுக்குக் கடப்பைச் சாத்துகிறேன். அதே நாலு மணித்தியாலம். ஆனால் முதல் வருடம் தெரியாமல் செய்த சிலதை மாற்றியிருக்கிறேன். கல்முனை பஸ் நிலையத்துக்குப் போய் ஏறுகிறேன், பத்து நிமிடம் பின்னோக்கிப் போவதுதான், ஆனால் இருக்கை உறுதி. ஒத்துமாறல் இடமாற்றத்துக்கு, அதாவது இன்னொருவரோடு இடம் மாறிக்கொள்ள, எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்முனையில் வேலை, மட்டக்களப்பில் வீடு என்று என் மாதிரியே எதிர்த்திசையில் பஸ் ஏறுகிற ஒருத்தி எங்கோ இருப்பாள், களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட எங்கள் இரண்டு பஸ்ஸும் தினமும் கடந்து போகும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கச்சி மாற்றலாகி வந்தாள். கல்யாணம் முடித்து ஒரு வருடம், கணவர் அக்கரைப்பற்றில் கடை வைத்திருக்கிறார். கொப்பியைக் கேட்டாள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாள். "நல்லாப் பிரயோசனமா இருந்திச்சு அக்கா" என்றாள். களுவாஞ்சிகுடியில் ஒரு வீடு பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டாளாம்.

"மீட்டர் தனியா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, தனி. தண்ணியும் ஒரு போத்தல் எடுத்து வந்தனான்."